கடுகளவு ஓட்டை என்னை எஸ்எம் என்ற போட்டிப் பிரிவுக்குத் தள்ளிய கதை

போன வருடம் செகண்ட்ஹேண்டில் ஒரு 2011 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வாங்கினேன். 2.5 லிட்டர் டர்போ, 265 குதிரைத்திறன், என் கைக்கு அதுவே அதிகம். இங்கே அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப்காரர்கள் வார இறுதியில் காலி பார்க்கிங்கில் கூம்புகளை வைத்து ஆட்டோகிராஸ் நடத்துவார்கள், கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொருவராக ஓட்டி யார் நேரம் குறைவு என்று பார்க்கும் போட்டி. ஒரு ஓட்டம் ஒரு நிமிடம்கூட வராது, நாள் முழுக்க நாலைந்து தடவைதான் கிடைக்கும், மீதி நேரமெல்லாம் வெயிலில் நின்று அடுத்தவர் தட்டிவிட்ட கூம்பைத் தூக்கி வைக்கும் வேலை. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று நம்பி, அதிகம் மாற்றாத வண்டிகளுக்கான ஸ்ட்ரீட் கிளாஸில் பெயர் கொடுத்தேன்.

இரண்டாவது ஓட்டம் முடிந்ததும் பக்கத்தில் மியாட்டா என்ற மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தியிருந்தவர் சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்த அழுத்தத்தை (பூஸ்ட்) கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் ஒரு சின்ன அடைப்பான் இருக்கும், பில் என்பார்கள், நடுவில் கடுகளவு ஓட்டை. டர்போ எல்லை மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவுக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் அளந்து விடுகிறது. ஓட்டை சிறுத்தால் வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். அங்கே வந்திருந்த இன்னொரு டபிள்யூஆர்எக்ஸின் பில்லை உருவிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது நன்றாகவே சிறுத்திருந்தது. பழைய உரிமையாளரின் கைங்கரியம்.

அவ்வளவுதான், ஸ்ட்ரீட் போச்சு. அங்கே ஷாக் அப்சார்பர், முன்னாலோ பின்னாலோ ஒரு ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டுக்குப் பின்னால் உள்ள எக்ஸாஸ்ட் இவற்றை மாற்றலாம், டயரின் தேய்மான எண் (டிரெட்வேர்) குறைந்தது 200 இருக்க வேண்டும், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவைத் தொடக்கூடாது. சரி, அடுத்த படியான ஸ்ட்ரீட் டூரிங்குக்காவது போகலாமென்றால், ஈசியூவை மறுபடி எழுத அனுமதிக்கும் அந்த கிளாஸிலும் பூஸ்ட் கட்டுப்பாட்டில் நேரடியாகக் கை வைக்கக்கூடாது. கடைசியில் போய்ச் சேர்ந்தது ஸ்ட்ரீட் மாடிஃபைட், அதாவது எஸ்எம். பெரிய டர்போ, ஒட்டும் ரேஸ் டயர் என்று வரும் ஆட்களோடு மீதி ஓட்டங்களை ஓட்டினேன். கடைசி இடம்.

கோபம் வந்தது உண்மைதான், ஆனால் விதி ஏன் இப்படி என்பது புரிகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஈசியூவில் என்ன வித்தை காட்டினாலும் ஐந்து பத்து குதிரைதான் கூடும், டர்போவுக்கோ ஒரு லேப்டாப்பும் அரை மணி நேரமும் இருந்தால் முப்பது குதிரை சர்வசாதாரணம். அதுவும் வெளியே எதுவும் தெரியாது. உலக ராலியிலேயே, டர்போவுக்குள் போகும் காற்றை அளவோடு நிறுத்தும் 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வளையத்தைச் சுற்றிக் காற்று போக ரகசிய வழி வைத்து 1995-இல் டொயோட்டா மாட்டிக்கொண்டு 12 மாதத் தடை வாங்கியது. அங்கே சோதிக்க ஒரு படையே இருக்கிறது, நம் பார்க்கிங்கில் மியாட்டாக்காரர் மட்டும்தான்.

டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. இந்த வண்டியில் அது எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, வரிசையில் பத்து நிமிடம் நின்றால் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், அடுத்த ஓட்டத்தில் வண்டி சோர்ந்துவிடும். பெரிய இன்டர்கூலர் போட்டால் கிளாஸ் மாறிவிடும். அதனால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய் பானெட்டில் உள்ள காற்றுத் திறப்பு வழியாக அடித்துக்கொண்டிருக்கிறேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

ஒரிஜினல் பில்லை வாங்கி மாட்டியாயிற்று. பழைய உரிமையாளர் அதிலும் கை வைத்திருப்பாரோ என்று ஈசியூவையும் கம்பெனி அமைப்புக்கே திருப்பிவிட்டேன், போன ஞாயிறு மறுபடி ஸ்ட்ரீட்டில்தான் ஓட்டினேன். மியாட்டாக்காரர் நேரத்தில் இன்னும் என்னை முந்துகிறார், அவர் எஞ்சின் என்னுடையதில் பாதி சக்திகூடத் தராது என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.