சோஷியல் சைக்காலஜி லேப்ல சேரப் போறீங்களா? தலைப்ப விடுங்க, ஆளுங்களப் பாருங்க

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொத்தியூர் பக்கத்துல இருந்து சைக்காலஜி படிக்கிற பசங்க நெறைய பேர் கேக்குற கேள்வி ஒன்னுதான், எம்எஸ்சி முடிச்சிட்டு யூனிவர்சிட்டி லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்டா சேரலாமா, இல்ல வீட்லயே உக்காந்து நெட் எக்ஸாமுக்கு, அதாவது காலேஜ் வாத்தியார் வேலைக்கும் ரிசர்ச் ஃபெல்லோஷிப்புக்கும் எழுதுற எக்ஸாமுக்கு, படிக்கலாமான்னு. நான் சேர்ந்தேன், அங்க வேலை பாத்துக்கிட்டேதான் நெட்டும் க்ளியர் பண்ணேன், அதனால சேருங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா எந்த லேப்னு முடிவு பண்றப்ப எல்லாரும் ப்ராஜெக்ட் தலைப்பையும் ப்ரொஃபசர் பேரையும் மட்டும் பாக்குறாங்க. உள்ள யார் யார் இருக்காங்க, யார் எந்த வேலைய பாக்குறாங்கன்னு ஒருத்தரும் விசாரிக்கறதில்ல. நம்ம பொழுது நல்லா போறதும் நாறிப் போறதும் அவங்க கைலதான் இருக்கு.

மொதல்ல லேப்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா எங்க ஆயா ரொம்ப நாளைக்கு நான் ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல வேலை பாக்குறதாதான் தெருவுல சொல்லிட்டு இருந்துச்சு. நாலஞ்சு கம்ப்யூட்டர், ப்ளைவுட் தடுப்பு வச்ச குட்டி ரூம், பூட்டு போட்ட ஒரு ஸ்டீல் பீரோ, அவ்ளோதான். பீரோவுல மேல் தட்டுல கன்சென்ட் ஃபார்ம், அதாவது சம்மதம்னு கையெழுத்து போட்ட பேப்பர், கீழ் தட்டுல பதில் எழுதுன பேப்பர். ரெண்டையும் ஒன்னா வைக்கவே கூடாது, பேரும் பதிலும் ஒரே எடத்துல இருந்தா யார் என்ன சொன்னாங்கன்னு எவனும் கண்டுபிடிச்சிடுவான். அந்த சாவி யார்கிட்ட இருக்கோ அவங்கதான் லேப்ப ஓட்டறவங்க, பெரும்பாலும் அது பிஹெச்டி தீசிஸ் முடிக்கிற ஸ்டேஜ்ல இருக்குற சீனியர் ஸ்காலர் அக்காவாத்தான் இருக்கும்.

ப்ரொஃபசர் மேம் என்ன பண்ணுவாங்கன்னா, ஐசிஎஸ்எஸ்ஆர் மாதிரி ஆராய்ச்சிக்கு ஃபண்டு குடுக்குற எடத்துக்கு ப்ரொபோசல் எழுதுவாங்க, எதிக்ஸ் கமிட்டி முன்னாடி போய் பதில் சொல்லுவாங்க, மீட்டிங்ல நம்ம டேபிள பாத்து "இது ஏன் இப்படி வந்துச்சு"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு போயிடுவாங்க, அந்த வாரம் பூரா நமக்கு தூக்கம் வராது. அதுக்கு மேல அவங்கள எதிர்பாக்காதீங்க, கிளாஸ், மீட்டிங், பேப்பர் திருத்தறதுன்னு அவங்களுக்கே நேரம் இல்ல. ஜி-பவர்ல ஸ்டடிக்கு எத்தன பேர் வேணும்னு கணக்கு போடறது, ஜாஸ்ப்ல ரிசல்ட் எடுக்கறது, இந்த ரெண்டும் ஃப்ரீ சாஃப்ட்வேர்தான், வீட்லயே போட்டுப் பாக்கலாம், இதெல்லாம் ஸ்காலருங்ககிட்டதான் கத்துக்கணும். அவங்ககிட்ட வெக்கப்படாம கேளுங்க. அவங்க டென்ஷனா இருக்குற நாள்ல மட்டும் கேக்காதீங்க, அது மூஞ்சியப் பாத்தாலே தெரியும்.

நெட்டுக்கு படிக்கறப்ப நம்ம இதையெல்லாம் எப்படிப் படிக்கிறோம்? மில்கிராம், 1963, இன்னொருத்தருக்கு ஷாக் குடுன்னு சொன்னா ஜனங்க எவ்ளோ தூரம் கீழ்ப்படிவாங்கன்னு பாத்த எக்ஸ்பெரிமென்ட், 40 பேர்ல 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்க, 65 சதவீதம், அடுத்த பக்கம். அந்த ரூம்ல க்ரே கோட்டு மாட்டிக்கிட்டு மேல போங்க மேல போங்கன்னு சொன்னது மில்கிராம் இல்ல, அவர் வேலைக்கு வச்ச ஒரு ஹைஸ்கூல் பயாலஜி வாத்தியார். ஷாக் வாங்குற மாதிரி நடிச்சவர் ஒரு அக்கவுன்டன்ட். ஆஷ் கோடு எக்ஸ்பெரிமென்ட்ல, அதாவது கூட இருக்குறவங்க தப்பா சொன்னா நம்மளும் ஒத்துக்குவோமான்னு பாத்ததுல, வேணும்னே தப்பான கோட்ட காட்டுனவங்க எல்லாருமே சொல்லிக்குடுத்து உக்கார வச்ச ஆளுங்க. பசங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு மோதல் எப்படி வருதுன்னு பாத்த 1954 ராபர்ஸ் கேவ் கேம்ப்ல, அத நடத்துன ஷெரிஃப் எடுபிடி வேலைக்காரர் மாதிரி சுத்திக்கிட்டே பசங்கள கவனிச்சார். ஸ்டூடன்ட்டுங்கள கைதியாவும் காவலராவும் நடிக்க வச்சு ஸிம்பார்டோ நடத்துன 1971 ஸ்டான்ஃபோர்டு ஜெயில் ஸ்டடி ரெண்டு வாரத்துக்கு ப்ளான் பண்ணது, 6 நாள்ல நின்னுச்சு, அதுக்கு முக்கிய காரணம் அப்பதான் பிஹெச்டி முடிச்சிருந்த கிறிஸ்டினா மாஸ்லாக் வந்து பாத்துட்டு இது தப்புன்னு ஸிம்பார்டோகிட்டயே சண்டை போட்டாங்க. நெட்ல வர்ற பர்ன்அவுட் ஸ்கேல், வேலை பாத்து பாத்து ஓய்ஞ்சு போறத அளக்குறது, மாஸ்லாக் பண்ணதுதான். இப்படி ஆளோட சேத்து படிச்சா வருஷமும் நம்பரும் தானா மனசுல ஒட்டிக்கும், தனியா மனப்பாடம் பண்ணது எக்ஸாம் ஹால்ல எஸ்கேப் ஆயிடும். நெட்ல பேப்பர் ஒன்னு 50 கேள்வி, பேப்பர் ரெண்டு 100 கேள்வி, மொத்தம் 300 மார்க், 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால ஒன்னக் கூட விடாதீங்க. ரிசர்ச் மெத்தட்ஸ், ஸ்டாட்ஸ், சோஷியல் சைக்காலஜி இதுக்கெல்லாம் லேப் வேலையே பாதி ப்ரிபரேஷன். பயாலஜிக்கல் சைக்காலஜிக்கு லேப் ஒன்னும் உதவாது, அத ராத்திரி தனியாத்தான் படிக்கணும்.

இன்னொரு பேர் சொல்றேன், இவர நம்ம பசங்க பாதிப் பேருக்கு தெரியாது. ஜமுனா பிரசாத். 1934 பீகார் பூகம்பத்துக்கு அப்புறம் ஜனங்க மத்தியில ஓடுன வதந்திய எல்லாம் சேத்து 1935ல ஆராய்ச்சி பேப்பர் போட்டார். நிலம் நல்லா ஆடுச்சு ஆனா தங்களோட எடத்துல பெருசா சேதம் ஒன்னும் இல்லன்ற ஊர்லதான், இன்னும் பெருசா ஒன்னு வரப் போகுதுன்னு வதந்தி சுத்துச்சு. ஃபெஸ்டிங்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1957ல டிசொனன்ஸ் தியரி, அதாவது மனசுக்குள்ள ரெண்டு விஷயம் ஒத்துப்போகலன்னா என்ன பண்ணுவோம்ன்ற தியரி, புக்குல இத எடுத்துப் பேசறார், உள்ள ஏற்கனவே இருக்குற பயத்துக்கு ஒரு காரணம் தேடிக்கிறாங்கன்னு. எங்க ப்ராஜெக்ட்டும் வதந்தி பத்திதான், அதனால இது எனக்கு வெறும் தியரி இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்துச்சு, அந்த மாசக் கடைசிலயே பெரியகுப்பத்துல அமோனியா லீக் ஆகி ராத்திரியில ஜனங்க வீட்ட விட்டு ஓடி வந்தாங்க, அந்தப் பக்கத்துல இன்னிக்கும் லேசா ஒரு நாத்தம் வந்தா போதும், வாட்ஸப் குரூப்புங்க பத்திக்கும். அத வெளிய இருந்து வந்து மூடநம்பிக்கைன்னு எழுதிட்டுப் போறவங்கள பாத்தா எனக்கு செம காண்டு வரும்.

ஃபீல்டு வேலைன்னு வந்தா லேப்ல இருக்குறவங்க எல்லாரையும் விட பெரிய ஆளுங்க, ஜனங்க வீட்டுக்கே போய் கேள்வி கேக்குற ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டருங்கதான். ஆராய்ச்சி பேப்பர்ல இவங்க பேரு கடைசில நன்றி சொல்ற எடத்துல வந்தா உண்டு. எங்களுக்கு காசிமேட்டுக்கார அண்ணன் ஒருத்தர் இருந்தார். விடிகாலைல ஏலம் நடக்குறப்ப யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க, மீனு வித்து முடிச்சி வீட்டுக்கு வந்து சோறாக்கி ஓய்ஞ்ச நேரத்துலதான் போணும்னு எங்களுக்கு சொன்னதே அவர்தான். கையெழுத்துன்னு சொன்னா "இன்னா நைனா, லோன் காரங்களா"ன்னுதான் மொத கேள்வி வரும். அவர் ஃபார்ம வெளிய எடுக்கவே மாட்டார், மொதல்ல நாங்க யாரு, எதுக்கு கேக்குறோம், இதனால உங்களுக்கு காசோ கார்டோ எதுவும் வராது, வேணாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்னு நின்னு நிதானமா சொல்லுவார், அப்புறம்தான் பேப்பரு.

எவ்ளோ நம்புறீங்கன்னு கேக்குற நம்ம ஸ்கேல் 1ல இருந்து 5 வரைக்கும். ஒரு அக்காகிட்ட கேட்டா எல்லாத்துக்கும் "நடுவுல போட்டுக்கோ கண்ணு"ன்னு சொல்லுது. அண்ணன் பாக்கெட்ல இருந்து கேரம் காயின எடுத்து திண்ணைல அடுக்குனார், ஒத்த காயின் ஒன்னு, பக்கத்துல ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு அடுக்குனது ஒன்னு. "கவுர்மென்ட்டு சொல்றத எவ்ளோ நம்புவ, இதுல காட்டு"ன்னாரு. அந்த அக்கா யோசிச்சி ஒத்த காயின தொட்டுச்சு. "குப்பத்து தலைவரு சொன்னா?" நாலு காயின். அதுக்கப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வேற வேறயா வந்துச்சு. பக்கத்து வீட்டம்மா நடுவுல பூந்து பதில் சொல்ல ஆரம்பிச்சதும் அவங்களுக்கு ஒரு டீ சொல்லி அப்பால கூட்டிட்டுப் போறதும் அண்ணன் வேலைதான்.

லேப்ல வந்து சொன்னா சீனியர் அக்கா ஒத்துக்கல. பாதிப் பேருக்கு காயின், பாதிப் பேருக்கு வாய்ல கேட்டா ரெண்டையும் கம்பேர் பண்ண முடியாது, மாத்தறதுன்னா எல்லாருக்கும் மாத்து, எதிக்ஸ் கமிட்டிக்கும் எழுது, அதுவரைக்கும் எடுத்தத பைலட்டுன்னு, அதாவது ட்ரையலுன்னு, தனியா வைன்னாங்க. அண்ணனுக்கு கோவம், ஏன்னா அவருக்கு ஃபார்முக்கு இவ்ளோன்னு காசு, பைலட்டுன்னா அதுக்கும் குடுப்பீங்களான்னு கேட்டார். குடுத்தாங்க, சண்டை போட்டு வாங்கிக் குடுத்தது அந்த சீனியர் அக்காதான். ரெண்டு பேர் சொன்னதும் கரெக்ட்டு. இந்த மாதிரி ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து வாக்குவாதம் பண்ற லேப்தான் நல்ல லேப்னு நான் சொல்லுவேன், ஃபீல்டுக்காரர கதவுக்கு வெளியவே நிக்க வச்சி ஃபார்ம வாங்கிக்கிற எடம்னா அங்க டேட்டாவ நம்பவே மாட்டேன்.

அதனால இன்டர்வியூல கடைசில உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கான்னு கேப்பாங்கல்ல, அப்ப இத கேளுங்க: ரா டேட்டாவ யாரு என்ட்ரி பண்றாங்க, யாரு செக் பண்றாங்க, ஜூனியருங்க அத பாக்கலாமா? நெதர்லாந்துல ஸ்டாபெல்னு ஒரு பெரிய ப்ரொஃபசர், டேட்டாவ நானே எடுத்துட்டேன்னு சொல்லி ரெடி பண்ண ஃபைல ஸ்டூடன்ட்டுங்ககிட்ட குடுத்துடுவார், 2011ல அவர் டிபார்ட்மென்ட்டுலயே இருந்த மூணு சின்ன வயசு ஆராய்ச்சியாளருங்கதான் அத கண்டுபிடிச்சி மேல சொன்னாங்க. அவர் டேட்டாவ உக்காந்து கற்பனைலயே எழுதி இருந்தார். 2015ல 100 சைக்காலஜி ஸ்டடிய திருப்பி செஞ்சு பாத்தப்ப கிட்டத்தட்ட 36 சதவீதத்துலதான் ரிசல்ட் திரும்ப வந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சும், டேட்டா எடுக்கறதுக்கு முன்கூட்டியே ஸ்டடி ப்ளான பதிவு பண்றதுக்கு எரிச்சல் படுற எடமா இருந்தா யோசிச்சுக்கோங்க.

காசு பத்தி ஒரு வார்த்தை. ப்ராஜெக்ட் சம்பளம் ஃபண்டு வந்தாதான் வரும், லேட்டாகும், அதுக்கு லேப்ல யார்கிட்டயும் கத்தி பிரயோஜனம் இல்ல. பில்லு பாஸ் பண்ற ஆபீஸ் க்ளார்க் அண்ணன்கிட்ட ஆட்டோ ரசீதுல இருந்து ஜெராக்ஸ் பில்லு வரைக்கும் தேதி வாரியா ஒட்டிக் குடுத்துட்டா அவரே ஃபோன் பண்ணி சொல்லுவார். ஜேஆர்எஃப், அதாவது நெட்ல நல்ல மார்க் எடுத்தவங்களுக்கு குடுக்குற ரிசர்ச் ஃபெல்லோஷிப், வந்துட்டா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அதுவரைக்கும் ட்யூஷனோ எதோ ஒன்னு கைல வச்சிக்கோங்க. விம்கோ நகர் லைன் மெட்ரோ ஓடுறதால போக்குவரத்துல உக்காந்து படிக்க நேரம் கெடைக்குது, பீக் அவர்ல மட்டும் நின்னுட்டேதான். சேர்ற அன்னிக்கே கான்ஃபரன்ஸ் போஸ்டர்லயும் ஆராய்ச்சி பேப்பர்லயும் நம்ம பேரு எங்க வரும்னு ஸ்காலர் அக்காகிட்ட கேட்டு ஒரு மெயில்ல எழுதி வாங்கிடுங்க, அப்படியே ஃபீல்டுக்காரங்க பேரும் வருமான்னு சேத்துக் கேளுங்க.