சுவர் ஓதத்தைக் கண்டுபிடிச்சுக் குடுத்தது சொட்டு நீலம்

ஹால்ல பீரோ நிக்கிற சுவர்ல தரையில இருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா நின்னுச்சு, தொட்டா வெள்ளையா உப்பு கொட்டும். கார்த்திகை மழைல ஆரம்பிச்சதால மழைத்தண்ணிதான்னு விட்டுட்டோம். சித்திரை வந்து மதுரையே காயுது, இந்தச் சுவர் மட்டும் ஜில்லுன்னு இருக்கு. அம்மாவோட பட்டுப்புடவைல பூஞ்சை வந்த அன்னைக்குத்தான் வீட்ல விஷயம் சீரியஸ் ஆச்சு.

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் பாத்ரூம். பெயிண்டர் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிங்கன்னார், கொத்தனார் தரையை மொத்தமா பேத்துறலாம் 45 ஆயிரம் ஆகும்னார். தண்ணி எங்கருந்து வருதுன்னு மட்டும் யாருமே சொல்லல.

கடைசில வந்த வயசான பிளம்பர்தான் "நல்ல தண்ணி லைனா வேஸ்ட் லைனான்னு மொதல்ல பிரிப்போம் தம்பி, சுத்தியல அப்புறம் எடுக்கலாம்"னார். ராத்திரி 10 மணிக்கு ஃப்ளஷ் டாங்க் வால்வு உட்பட எல்லாத்தையும் மூடிட்டு, மாடி டாங்க்ல குச்சிய விட்டு நனைஞ்ச இடத்துல கோடு போட்டேன். காலைல 6 மணி வரைக்கும் யாரும் குழாயத் திறக்கக் கூடாதுன்னு ஆர்டர், அப்பாவால முடியாம 5 மணிக்கே பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வந்தார். குச்சில அதே கோடு, ஒரு நூல் கூட இறங்கல. எந்நேரமும் தண்ணி நிக்கிற பைப்புல லீக் இல்ல, அப்ப யாராச்சும் தண்ணி புழங்கும்போதுதான் கசியுது.

அடுத்து தரை. நஹானி ட்ராப்பை, அதாவது பாத்ரூம் தரைல தண்ணி வெளிய போற ஓட்டையை, துணியும் பாலித்தீன் கவரும் வச்சு அடைச்சு 1 இஞ்ச் தண்ணி கட்டி, அதுல அரை பாட்டில் சொட்டு நீலம் ஊத்தினோம். ஹால் பக்கம் ஓதத்துல கொஞ்சம் பூச்சைச் சொரண்டி செங்கல் தெரியற மாதிரி வச்சாச்சு. 24 மணி நேரம் ஆச்சு, நீலம் வரவே இல்ல, 45 ஆயிரத்துக்கு பேத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது.

மிச்சம் இருந்தது வாஷ் பேசின். அடைப்பு போட்டு நிறைய நீலத் தண்ணி புடிச்சு ஒரே அடியா திறந்து விடறது, இப்படி ரெண்டு நாள்ல ஒரு இருபது தடவை. ரெண்டாவது நாள் சாயங்காலம் வொய்ஃப் கத்தினா. செங்கல் இடுக்குல மெல்லிசா, பேனா மை ஊறின மாதிரி ஒரு கோடு!

பேசினுக்குக் கீழ நாலு டைல்ஸ் மட்டும் உடைச்சோம். சுவருக்குள்ள இருந்த எல்போவை (பைப் வளையற இடத்துல போடற துண்டு) ஒட்டற சொல்யூஷனே போடாம சும்மா சொருகி வச்சுப் பூசியிருக்காங்க, பிளம்பர் ரெண்டு விரல்ல இழுத்தார், தலைமுடியும் பேஸ்ட் சகதியுமா கையோட வந்துருச்சு. அங்க கசிஞ்ச தண்ணி சுவருக்குள்ளயே அடி வரைக்கும் இறங்கி, அங்கிருந்து செங்கல் இழுத்து மேல ஏத்தியிருக்கு, அதான் ஓதம் கீழ தெரிஞ்சுது. டைல்ஸோட சேத்து 2,800 ரூபா. பழைய டிசைன் எங்கயும் கிடைக்காததால நாலு மட்டும் வேற கலர்.

உடனே பெயிண்ட் அடிக்க ஆசைதான், பிளம்பர் விடல, உள்ள ஈரம் இருந்தா மறுபடி கொப்புளிக்குமாம். ஓதத்துக்கு மேல ஒரு அடி வரைக்கும் பூச்சைக் கொத்திட்டு ஃபேன் போட்டு விட்டிருக்கோம், வாரம் ஒரு தடவை உப்பைக் காஞ்ச பிரஷ்ல தட்டறேன், தண்ணி விட்டுக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிரும். ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் லேசா பூக்குது. பீரோ நடு ஹால்லயே நிக்குது, வர்றவங்க எல்லாரும் அதுல ஒரு தடவை இடிச்சுட்டுத்தான் உக்கார்றாங்க.