கம்பு கை நழுவினால்

நேற்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சிலம்பப் பயிற்சி முடித்து உட்கார்ந்திருந்தோம். தம்பி ஒருவன் செல்போனில் எம்எம்ஏ சண்டை ஒன்றைக் காட்டினான்; குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த போட்டி அது. ஆசான் கைகளைப் பார்க்கவே இல்லை, கால்களையே பார்த்தார். "முன்காலில் பாரம் ஏத்திட்டான், இப்ப விழுவான் பாரு" என்றார். விழுந்தான்.

நம் ஆட்களில் பலர் இதைக் காட்டுச் சண்டை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கண்ணைக் குத்தக் கூடாது, பிடரியில் அடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தோற்பவன் கையால் தட்டினால் நடுவர் உடனே பிரித்துவிடுவார். யூஎஃப்சி என்ற எம்எம்ஏ அமைப்பு 1993-ல் நடத்திய முதல் போட்டியில் ஒல்லியான ராய்ஸ் கிரேசி, தன்னைவிடக் கனமானவர்களையும் தரையில் மடக்கியே ஜெயித்தார். 2024-ல் அங்கே ஜெயித்த நம் நாட்டுப் பெண் பூஜா தோமர், வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையிலிருந்து போனவர்.

கம்பில்லாமல் வெறுங்கையால் போடும் நம் குத்துவரிசையிலும் பிடியும் பூட்டும் இருக்கின்றன. ஆனால் திருவிழா மேடையில் செய்துகாட்டத்தான் பழகுகிறோம், திமிறுகிற ஆள்மேல் போட்டுப் பார்ப்பதில்லை. இந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

ஆசானிடம் சொல்லியே விட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் கம்பைத் துண்டால் துடைத்தார். அப்புறம் ஈரமணலைக் காலால் சமப்படுத்தி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரி, வா, பிடி" என்றார்.