அம்மாவின் போன் பிள்ளை கையில் இருக்கும்போது

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூலை மழை வலுத்தால் பள்ளிக்கு லீவு விட்டுவிடுவார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிளாஸ்டிக் கோணியைப் போர்த்திக்கொண்டு போய்த்தான் ஆகவேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அன்று முழுக்கப் பிள்ளைகளிடம்.

பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு என்றாலே பிள்ளையின் போனைப் பெற்றோர் கவனித்துக்கொள்ள உதவும் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ போடச் சொல்வார்கள். நல்ல செயலிதான். ஆனால் பிள்ளைக்கென்று தனி போனும் தனி கூகுள் கணக்கும் இருக்கும் வீட்டுக்கே அது முழுதாக உதவும். அம்மாவின் பேங்க் சிம்மும் ஜிபேயும் இருக்கும் போனுக்கு வேறு மாதிரி யோசிக்கவேண்டும்.

முதலில் பின் எண்களைப் பிரியுங்கள். ஸ்கிரீன் லாக் எண் பிள்ளைக்கு எப்படியும் தெரிந்திருக்கும். அதே எண்தான் யுபிஐ பின் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். போன் செட்டிங்ஸில் ‘ஆப் லாக்’ இருந்தால் ஜிபே, கேலரி, எஸ்எம்எஸ் மூன்றுக்கும் போட்டு, அதற்கு இன்னொரு எண் வையுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது. ‘டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) தர்றேன், வர்ற நம்பரைச் சொல்லு’ என்று கேம் ஆடும் பிள்ளையிடம் கேட்பவனுக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்தது ப்ளே ஸ்டோர். வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்ட்டல் கன்ட்ரோல்ஸ் என்று போனால் பின் எண் ஒன்று வைக்கச் சொல்லும். வயது வரம்பை 7 அல்லது 12 என்று வைக்கலாம். ஏற்கெனவே போனில் இருக்கும் செயலிகளை இது ஒன்றும் செய்யாது. அவற்றை நீங்களே பார்த்து நீக்கவேண்டும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் போன் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒரு வசதி உண்டு; இணைய முகவரிகளைத் தேடித்தரும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதில் ‘ஃபேமிலி’, புள்ளி, ‘கிளவுட்ஃப்ளேர்’, சிறு கோடு, ‘டிஎன்எஸ்’, புள்ளி, ‘காம்’ என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் கொடுத்தால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. ஓர் எழுத்து பிசகினாலும் நெட்டே வராது. மழையில் டவர் போய்விட்டது என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல், அடித்த முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். இணையத்துக்கு வேறு வழியாகப் போகவிடும் விபிஎன் செயலி இருந்தால் இந்தத் தடுப்பைத் தாண்டிவிடலாம். யூடியூப், இன்ஸ்டாகிராமுக்குள் வருவதையும் இது தடுக்காது.

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழே என்றால் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. இந்த ‘டீன் அக்கவுன்ட்’ 2025-ல் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை பிறந்த வருடம் 2000 என்று போட்டிருந்தால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. அவர்கள் கணக்கில் முதலில் பார்க்கவேண்டியது பிறந்த வருடத்தைத்தான்.

செட்டிங்ஸ் எல்லாம் சரியாக இருந்தாலும் பேச்சு எப்படி நகரும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும். ‘சூப்பரா ஆடுற’ என்று தொடங்கும். ‘எந்த ஸ்கூல்?’ ‘வீட்ல யார் இருக்கா?’ ‘இங்க வேணாம், வாட்ஸ்அப் வா.’ ‘ஒரு போட்டோ அனுப்பு.’ ‘அம்மாகிட்ட சொல்லாத.’ கடைசி வரி வந்தால் உடனே உங்களிடம் சொல்லவேண்டும் என்று பழக்குங்கள். சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. ‘சொன்னா திட்டமாட்டேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணமும் தராதீர்கள், இன்னொரு படமும் அனுப்பவிடாதீர்கள். பதறிப்போய் அரட்டையை அழிப்பதுதான் பலர் செய்யும் தவறு. யூசர்நேம், போன் நம்பர், மிரட்டல் வரிகள், நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். அந்தப் படத்தை மட்டும் சித்தப்பாவுக்கோ வாத்தியாருக்கோ காட்டுவதற்காகக்கூட அனுப்பக் கூடாது. பிள்ளைகளின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். படம் வெளியே போய்விடுமோ என்று பயந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமல், அதன் எண்முத்திரையை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை) மட்டும் போனிலேயே உருவாக்கி, சேர்ந்திருக்கும் தளங்களுக்குக் கொடுக்கும்.

பிள்ளைக்கு உதவி வேண்டுமானால் 1098, எந்நேரமும் கூப்பிடலாம். பணம் போயிருந்தால் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

புகார் கொடுக்க மலை ஏறி ஊட்டிக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. பக்கத்து ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் வழக்கில் பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்போது போலீஸ்காரர் யூனிஃபார்மில் வரக் கூடாது, இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது. அந்த 2012 சட்டத்தின் 24-வது பிரிவிலேயே இது இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.