விதைத்த நாள்தான் முதல் நாள்

விவசாயிகளுக்கு இணையவழிப் பாடம் தயாரிக்கிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, தேதி போட்டு அட்டவணை எழுதுவது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம்தான். எல்லா வருஷமும் அப்படி நடப்பதில்லை. திறந்தாலும், தலைமடையில் நாற்று விட்ட பிறகும் நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். ஆகவே திருந்திய நெல் சாகுபடிப் பாடத்தை (இளநாற்றை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு நடும் முறை) விதைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நாற்றின் வயது 14 நாள் என்றால் நடவுப் பாடம் 12-ம் நாளே கைக்குப் போக வேண்டும். நட்ட 10-ம் நாள் கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவி வயலில் இறங்கும்; அந்தப் பாடம் நட்ட 8-ம் நாள், அதாவது விதைத்த 22-ம் நாள். விதைத்த வாரத்தை வைத்து வாட்ஸ்அப் குழுவைப் பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை.

ஒரு காணொளிக்கு ஒரு வேலை போதும். உப்புக் கரைசலில் விதை தேர்வதைப் பாருங்கள். தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதந்து மேல்பக்கம் காசு அகலத்துக்குத் தெரியும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். அதில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை மூழ்கும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். கரைசல் தயார் என்று நம்பிப் பதரையும் சேர்த்து விதைத்துவிடுவார்கள். ஆகவே உப்புப் போடுவதற்கு முன் முட்டை அடியில் கிடப்பதை நெருக்கமாகக் காட்டுங்கள். மூழ்கிய விதையை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுவதையும் வெட்டாமல் விடுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

அளவையும் ஊர்க்கணக்கில் சொல்ல வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதை என்பதைவிட ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஒரு கிலோ என்றால் சட்டென்று பிடிபடும்.

வயலில் படம் மட்டும் எடுங்கள். பம்புசெட்டுச் சத்தத்தோடும் காற்றோடும் பேசிப் பதிவு செய்தது யாருக்கும் புரியாது. பேச்சை வீட்டுக்குள் ஜன்னலை அடைத்துவிட்டுப் பதியலாம். ஐந்து நிமிடக் காணொளியை 480 பிக்சலில் சுருக்கினால் 20 எம்பி அளவில் அடங்கும்.

தேர்வு என்ற பெயரில் நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாற்றுக்கு நாற்று இடைவெளி 25 செ.மீ. என்று எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள். நட்ட வயலில் ஸ்கேலை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்: இடைவெளிக்கு அடையாளமாகப் போட்ட கயிற்று முடிச்சு நழுவி 30 ஆகியிருக்கும், குத்துக்கு ஒரு நாற்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நிற்கும். அன்று இரவு ஏழரை மணி நேரலையில் பேச வேண்டியது அந்தப் படங்களைத்தான்.