காணி உறுதியோட இருந்த கீ

பரந்தனில எங்கட பழைய கொம்பியூட்டரை நேற்றோட நிப்பாட்டியாச்சு. மூடியைக் கழற்றினா விசிறி முழுக்கச் செம்மண் தூசி. தங்கச்சி ஏஎல் படிச்சதெல்லாம் அதிலதான், மனசு கேக்கேல்ல. ஆனா விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, அது 11ஐத் தாங்காது.

புதுசுக்கு விண்டோஸைத் திரும்பக் காசு குடுத்துத்தான் வாங்கோணும் எண்டு ஒரு கடையில சொன்னவை. உடன காசைக் குடுக்காதேங்கோ. கொம்பியூட்டரோடயே வந்த ஓஇஎம் லைசன்ஸ் எண்டா அந்த மதர்போர்ட்டோட சரி, வேற மெசினுக்கு மாத்தேலாது. தனியா வாங்கின ரீடெயில் எண்டா புதுசுக்கு மாத்தலாம், ஆனா ஒரு நேரத்தில ஒரு மெசினிலதான். பழசில கொமாண்ட் ப்ரொம்ப்டை, அதான் கட்டளை அடிக்கிற ஜன்னலை, அட்மினாத் திறந்து 'எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் டிஎல்ஐ' (slmgr /dli) அடிச்சா எந்த வகை எண்டு காட்டும். ரீடெயில் எண்டா, கீ, அதான் விண்டோஸை அக்டிவேற் பண்ணுற 25 எழுத்து, கையில இருக்கோ எண்டு பாத்திட்டு, டிஎல்ஐக்குப் பதிலா 'யூபிகே' (upk) அடிச்சா கீ பழசில இருந்து கழண்டிடும். விண்டோஸில ஹோம், ப்ரோ எண்டு வகை இருக்கு; ஹோம் கீ ஹோமுக்குத்தான், அதையும் கவனியுங்கோ.

எங்கடது ரீடெயில். அந்த 25 எழுத்துக் கீ இருந்த மட்டையை அம்மா காணி உறுதியோட வைச்சுப் பத்திரமா மடிச்சிருந்தவ. தங்கச்சி ஒவ்வொரு எழுத்தா வாசிக்க நான் புதுசில அடிச்சன். அக்டிவேற் ஆயிட்டுது.