தம்பலகாமத்துக் கொப்பி

31 மார்ச் 2022, வெள்ளவத்தை, கொழும்பு

இன்றைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. லிப்ட் நின்றுவிட்டது. கீழே மோட்டர் ஓடாததால் மேல் தாங்கியும் காலி. ஆறாம் மாடியில் ஒரு வாளித் தண்ணீரோடு இரண்டு பேர், நானும் கணவரும். பிரிட்ஜைத் திறக்கக் கூடாது என்று கதவில் கடதாசி ஒட்டியிருக்கிறேன். அது அவருக்காகத்தான், தயிர் இருக்கிறதா என்று பார்க்கவே நாலு தரம் திறப்பார். உள்ளே இன்சுலின் குப்பி இருப்பது அவர் நினைவில் நிற்பதே இல்லை, குத்திக்கொள்கிறவர் அவராக இருந்தும்.

இரவு மிரிஹானையில் ஜனாதிபதி வீட்டுப் பக்கம் சனம் கூடிவிட்டதாம்.

3 ஏப்ரல்

ஊரடங்கு. பேஸ்புக்கும் இல்லை. திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்துக்கு, தன் ஊருக்கு, திரும்பும் கதையை அவர் மறுபடியும் எடுத்தார்.

14 ஏப்ரல்

மருத்துநீர் வைத்து முழுகினோம். காஸ் இல்லாததால் பொங்கல் இல்லை, கரண்ட் வந்த நேரம் பால் காய்ச்சியதோடு சரி. வருஷப் பிறப்பன்று வாக்குவாதம் கூடாது என்பார்கள். மாலை வரை பொறுத்தேன்.

அவர் சொல்வது இதுதான்: அங்கே விறகு இருக்கு, கிணறு இருக்கு, படி ஏற வேண்டியதில்லை. மூன்றும் உண்மை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. இராத்திரியில் சீனி இறங்கினால் வண்டி கொண்டுவருவது யார்? "ஊரிலே சனம் இருக்கப்பா" என்கிறார். 1990 இல் சண்டைக்குள் விட்டு வந்த ஊர். அந்தச் சனத்தில் எவ்வளவு பேர் மிச்சம் என்று அவருக்கே தெரியாது.

24 ஏப்ரல்

காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய் ஆகிவிட்டது. அந்த விலைக்காவது கிடைக்க வேண்டுமே. விடியவிடிய வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளை வெறும் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்ததைப் பார்த்தேன். அன்றிரவே "சரி" என்றேன். அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டு அவர் உடனே அண்ணர் மகனுக்குப் போன் எடுத்துவிட்டார்.

10 மே

நேற்றுப் பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள். வெளியே சனம் நின்று கத்துகிறது. மூத்தவன் ரொறன்ரோவிலிருந்து எடுத்து, "என்னம்மா, எல்லாரும் இப்ப திருகோணமலைக்குத்தானோ?" என்றான். கனநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

27 மே

டீசல் கிடைத்தால் வருகிறேன் என்கிறார் லொறிக்காரர். சாமானில் பாதியை பிளட்டிலேயே விடுவோம் என்றேன். வாடகைக்கு விட நான் இன்னும் சம்மதிக்கவில்லை. திறப்பு என்னிடம்தான் இருக்கும்.

30 மே, தம்பலகாமம்

இரவு மெயிலில் வந்தோம். கல்லோயாச் சந்தியில் எழும்பியவர் பிறகு கண்மூடவில்லை, ஜன்னலோடு நின்றுவிட்டார். கந்தளாய் தாண்டியதும் ஒன்றுமே தெரியாத இருட்டைக் காட்டி "வயல், வயல்" என்றார். நான் மடியிலிருந்த றெஜிபோம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் தண்ணீராகிக் குப்பிகள் மிதந்தன.

ஸ்டேஷனுக்கு அண்ணர் மகன் லேன்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு டிராக்டரோடு வந்திருந்தான். அவர் அதன் பின்பெட்டியில் ஏறியதைப் பார்க்க வேண்டும். அறுபத்தேழு வயது!

2 ஜூன்

கூரை புதிது, மற்றதெல்லாம் பழையது. குசினி தனியே, கிடுகு வேய்ந்தது. அதில் ஒரு சாரை இருக்கிறது. எலி பிடிக்கும், விடுங்கோ என்கிறார்கள். விட்டிருக்கிறேன். சமைக்கும்போது ஒரு கண் மேலே.

யூடியூப்பில் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனவர்கள் எல்லோரும் மண்சட்டியில் மீன்குழம்பு வைத்துச் சிரிக்கிறார்கள். ஒருவர் வீட்டிலும் மருந்துப் பெட்டியைக் காட்டுவதில்லை.

4 ஜூன்

கிணறு இறைத்தார்கள். மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை, பொடியன்கள் வாளியாலேயே இறைத்தார்கள். பகல் முழுக்க எடுத்தது. அடியில் சேறு, ஓட்டுத் துண்டு, சைக்கிள் சில்லு ஒன்று, நசுங்கிய மூக்குப்பேணி ஒன்று. பேணியைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது, அம்மாவுடையதாம். பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அது எங்கட பேணி, தம்பி" என்றா. இரண்டு பேரும் அரைமணித்தியாலம் வாதாடினார்கள். கடைசியில் மாமி கொண்டுபோய்விட்டா.

தண்ணீர் கொஞ்சம் உவர். குளோரின் போட்டிருக்கிறது. குடிக்கக் கடையில் வடித்த தண்ணீர்தான்.

9 ஜூன்

பெரிய பானைக்குள் மணல், மணலுக்குள் சின்னப் பானை, வாயில் ஈரச்சாக்கு. காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். ஈரம் காயக் காய உள்ளே குளிரும். மேற்கே பார்த்த விராந்தைக் கோடியில், கச்சான் காற்று நேரே அடிக்கும் இடத்தில் வைத்தேன். இந்தக் காற்று எல்லோருடைய உதட்டையும் வெடிக்க வைக்கிறது, பானைக்கு மட்டும் நல்லது. மூத்தவனின் பழைய மீன்தொட்டி வெப்பமானியை உள்ளே விட்டேன். வெளியே 35, உள்ளே 26. திறந்த இன்சுலின் குப்பிக்கு அது போதும். திறக்காதவை மாமி வீட்டுப் பிரிட்ஜில், மீனுக்குப் பக்கத்தில். கரண்ட் போகிற நேரமெல்லாம் நான் வேலியோரம்.

15 ஜூன்

இரவு வெடிச்சத்தம். யானைக்காம். அவருக்கு ஒரே சந்தோஷம்.

19 ஜூன்

மாமியோடு கூனி வறுத்தேன். மாமி கதைக்கத் தொடங்கினால் வருஷங்கள் வரிசையாக வராது. முதலில் கந்தளாய்க் குளம் உடைத்த கதை, 1986 ஏப்ரல் 20, விடியப்புறம் மூன்று மணி. நூற்றுக்கு மேற்பட்ட சனத்தை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் இங்கே வயல் விளைகிறது. பிறகு ஆதிகோணநாயகர் கோயில் கதை: போர்த்துக்கேயன் கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றிய சாமியை வைத்துக் கட்டியது, ஆகவே இந்த ஊரைச் சாமி கைவிடாது. பிறகு தொண்ணூறாம் ஆண்டு. அதைச் சொல்லாமல் கூனியைக் கிண்டினா.

"கொழும்புப் புள்ள, உப்பு காணுமா பாரு" என்றா. கல்யாணமாகி இத்தனை வருஷம், எனக்கு ஐம்பத்தொன்பது முடிகிறது, இங்கே நான் கொழும்புப் புள்ள.

28 ஜூன்

நேற்று நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் எண்ணெய் இல்லை. ஜூலை 10 வரைக்குமாம். டீசல் 460 ரூபாய் என்று முந்தாநாள்தான் ஏற்றினார்கள்.

இப்போது இரவு ஒரு மணி. அவர் குறட்டை விடுகிறார். குறட்டை கேட்கும்வரை எனக்கு ஆறுதல். சீனி இறங்கினால் உடம்பு வியர்க்கும் என்பார்கள், அதனால் கையை நீட்டிப் பிடரியைத் தொட்டுப் பார்க்கிறேன். இந்தப் புழுக்கத்தில் எனக்கும் வியர்க்கிறது. எது வெறும் வியர்வை, எது அந்த வியர்வை?

மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அண்ணர் மகனின் மோட்டார் சைக்கிளில் பாதித் தாங்கி பெற்றோல் இருக்கிறது. மயங்கிய மனிதரை மோட்டார் சைக்கிளில் எப்படி இருத்துவது? முள்ளிப்பொத்தானை நானாவிடம் டிராக்டர் இருக்கிறது. அவர் நெல்வெட்டுக்கென்று டீசல் பொத்தி வைத்திருக்கிறார், எந்த நேரமும் கதவைத் தட்டுங்க என்று அவராகவே சொன்னவர். டிராக்டரில் கந்தளாய்க்கு எவ்வளவு நேரம்? றோட்டில் யானை நின்றால்? திருகோணமலை என்றால் 20 கிலோமீற்றருக்கு மேல். அம்புலன்ஸ் நம்பர் 1990. "அந்த நம்பரை நான் மறக்கவே மாட்டேன்" என்று அவர் பகலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருகோணமலைக்குப் போகிற வழியில்தான் சீனன்குடா. வெள்ளைக்காரன் தன் கப்பல்களுக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள், மொத்தம் 99, ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் கொள்ளும். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானம் ஒன்று வந்து மோதி ஒரு தாங்கி எரிந்தது. இந்த ஜனவரியிலும் அந்தத் தாங்கிகளுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். அதற்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு ஒரு போத்தல் டீசலை நினைத்து முழித்திருக்கிறேன்.

தலைமாட்டில் சீனிப் போத்தல், கரண்டி, தண்ணீர். மயங்கிவிட்டால் வாயில் ஊற்றக் கூடாது, புரைக்கேறிவிடும் என்று நேர்ஸ் சொன்னவ. அப்போது இந்தச் சீனி எதற்கு? மயங்குவதற்கு முன் நான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் முழித்திருக்கிறேன். போத்தலில் எறும்பு ஏறிவிட்டது. தண்ணீர்ச் சட்டிக்குள் தூக்கி வைத்தேன்.

குறட்டை நின்றது. புரண்டு படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

9 ஜூலை

ஜனாதிபதி மாளிகைக்குள் சனம். மாமியின் பசு கன்று போட்டது. கடும்புப் பாலில் சர்க்கரை போட்டு ஒரு கிண்ணம் வந்தது. நான் வருவதற்குள் அவர் வழித்து முடித்துவிட்டார்.

10 ஜூலை

இன்றும் அவரோடு கதைக்கவில்லை.

14 ஜூலை

ஜனாதிபதி ராஜினாமா. மின்னஞ்சலிலாம்.

28 ஜூலை

ஆடி அமாவாசை. இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஊசி போடுகிறவருக்கு விரதம் இல்லை என்று. "இந்த மண்ணிலே அப்பாவுக்கு முதல்முறை பிடிக்கிறன்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது. ஊசியைக் குறைத்தேன். காத்தோட்டிக்காய் சந்தையில் இல்லை, மாமி எங்கோ பற்றைக்குள் பிடுங்கி வந்தா. படையல் முடிய ஒன்றரை மணி ஆகிவிட்டது.

இலையில் சோறு போட்டுவிட்டு நிமிர்கிறேன், அவர் சோற்றைப் பார்த்தபடியே இருக்கிறார். கேட்டால் பதில் இல்லை. நெற்றியெல்லாம் முத்து முத்தாக. குத்திப் பார்த்தேன், 51. ஓடிப்போய் எடுத்த சீனிப் போத்தலை நான் திறக்கும் முன் மாமி தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து வாயில் வைத்துவிட்டா. விழுங்கினார். அண்ணர் மகன் எப்போது ஓடினான் என்று தெரியாது, ஒழுங்கைக்குள் நானாவின் டிராக்டர் சத்தம். இன்னும் யார் யாரோ வந்து விராந்தையில் நின்றார்கள். எனக்குப் பாதிப்பேரைத் தெரியாது.

கால்மணித்தியாலத்தில் 84. அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "என்ன, எல்லாரும் சாப்பிட்டீங்களோ?" என்றார்.

நானா டிராக்டரை நிற்பாட்டவே இல்லை. ஒரு மணித்தியாலம் அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. அந்த டீசலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. பின்னேரம் பாயசத்தில் ஒரு தூக்குச் சட்டி கொடுத்துவிட்டேன்.

29 ஜூலை

"பார்த்தீரா, சனம் இருக்கு" என்று ஒரு தரம் சொன்னார். இன்னொரு தரம் சொன்னால் கொழும்புக்கு ரயில் ஏறுவேன் என்றேன்.

23 ஆகஸ்ட்

மண்ணெண்ணெய் 87 இலிருந்து 340 ரூபாய். மெசினை மூடி வைத்தான் அண்ணர் மகன். கிணறு கீழே போய்விட்டது, கயிறு முடிகிறது. உவர் கூடிவிட்டது, தேத்தண்ணீரில் தெரிகிறது.

11 செப்டம்பர்

வெட்டு முடிந்தது. யூரியா நேரத்துக்குக் கிடைக்காத வயல், கதிர் பாதி பதர். அண்ணர் மகன் கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, எங்களுக்கென்று ஒரு மூட்டையைக் கொண்டுவந்து விராந்தையில் இறக்கினான். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

பிளட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்களாம், வங்கியில் வேலை செய்யும் சோடி. புரோக்கர் தினமும் எடுக்கிறார். லிப்ட் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்று அவர் சொன்னதும் எனக்கு என்னவோ செய்தது.

2 அக்டோபர்

திறப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றைத்தான். மற்றது சீலைப் பெட்டிக்குள் இருக்கிறது. அவருக்குச் சொல்லவில்லை.

6 நவம்பர்

மழை. மழை. கிணற்றில் கையால் அள்ளலாம். தண்ணீர் இனிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் நாக்கின் ஓரத்தில் உவர். வரம்பெல்லாம் ஆட்கள், விதைப்பு. அவர் சேற்றுக்காலோடு வந்து, பாதத்தில் கீறல் இருக்கிறது என்று நான் கண்டுபிடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. காலைக் கழுவித் துடைத்து விரலிடுக்கெல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். சின்னதுதான். சின்னதுதான் என்று எழுதிவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன்.

மணல்பானை வேலை செய்வதில்லை. வாடைக் காற்றில் ஈரம் காய மாட்டேன் என்கிறது. கரண்ட் பரவாயில்லை, பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கியாயிற்று.

9 டிசம்பர்

புயல் தமிழ்நாட்டுப் பக்கம் போகிறதாம். இங்கே காற்றும் தூறலும், இந்த ஊரில் யாரும் காணாத குளிர். பள்ளிக்கூடங்கள் மூடியாயிற்று, காற்றில் தூசு கூடிவிட்டதென்று. அவருக்கு இரண்டு சுவெற்றர், பழைய வெள்ளவத்தை மப்ளர்.

10 டிசம்பர்

வெளியில் நின்ற மாடுகள் விறைத்துச் செத்துக் கிடக்கின்றன. இங்கே மட்டுமில்லை, வடக்குக் கிழக்கு முழுக்க இதே கதை. மாமியின் பசுவும் போய்விட்டது. கன்று தப்பியது, ஜூலையில் போட்டது. நானாவின் பட்டியில் எவ்வளவு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றும் அழவில்லை, "புள்ள, பழைய சாக்கு இருக்கா" என்று கேட்டா. பானை மூடின சாக்கையும் சேர்த்துக் கொடுத்தேன்.

11 டிசம்பர்

காலையில் 214. குளிருக்கென்று யாரோ கொடுத்த கோப்பி, சீனியோடு. இருமுகிறார்.

நாளை கந்தளாயில் கிளினிக், ஆறரை பஸ். கிளினிக் கொப்பியைக் காணவில்லை. அலுமாரியில் இல்லை, பிரிட்ஜுக்கு மேலும் இல்லை. அவர் மாமி வீட்டுக் கொட்டிலில் கன்றுக்குச் சாக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார், அந்தப் பச்சைத் தண்ணீரில் நின்றுகொண்டு. செருப்பும் போடவில்லை, இங்கிருந்தே தெரிகிறது. போய்க் கூட்டிவருகிறேன்.